தகட்டில் இரண்டாவது எண்

மார்ச் 4, சனி

பச்சை வண்டி போய்விட்டது. வருடச் சோதனைக்குக் காலையில் என் புருஷன் லெஸ்ஸும் நானும் விட்டுவிட்டு வந்தோம். பதினொரு மணிக்கெல்லாம் மெக்கானிக் கூப்பிட்டுவிட்டார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடித்தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். கேக்கில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது. "இதுல இனி கோழிதான் வளக்கலாம், லெஸ்" என்றார். லெஸ் சிரித்தான். வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வருடம் ஓட்டியிருக்கிறான்.

மே கடைசி வார விடுமுறைக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. கேரவனை, சக்கரம் வைத்த எங்கள் விடுமுறை வீட்டை, எதில் கட்டி இழுப்பது? இன்று முழுக்க இதே கேள்விதான். எனக்குக் கவலைப்பட ஒரு விஷயம் வேண்டும், கிடைத்துவிட்டது.

மார்ச் 7, செவ்வாய்

லெஸ் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டான். பின்பக்கம் நீண்ட எஸ்டேட் கார்தான். பழையதாக இருக்கலாம், துரு இருக்கக் கூடாது. டீசல். இரண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் ஒரு பென்னி கிடையாது. இழுவைக் கொக்கி ஏற்கெனவே பொருத்தியிருந்தால் நல்லது. வருடத்துக்கு இரண்டு தடவை இழுக்கப்போகிற கேரவனுக்கு இத்தனை நிபந்தனை. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் இடது பக்கத்து ஆள். இருபத்தெட்டு வருடமாக அங்கே உட்கார்ந்து வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, லாரி பக்கத்தில் வரும்போது கண்ணை மூடிக்கொள்வதுதான் என் வேலை.

அதனால்தான் கோட்டைப் பந்தயத்தில் எப்போதும் தோற்கிறேன். பீட்னல் கடற்கரைக்குப் போகும் வழியில் யார் முதலில் கோட்டையைப் பார்க்கிறார்களோ அவருக்கு மற்றவர் டீ போடவேண்டும். இருபத்தெட்டு டீ நான்தான் போட்டிருக்கிறேன்.

சாமான்களோடு கேரவன் ஆயிரத்து இருநூறு கிலோ. லெஸ் தராசு வைத்து எடை போடுகிறவன். என் இரும்பு வாணலியைப் போன வருடமே வெளியே எடுத்து வைத்துவிட்டான். தன்னுடைய பீர் பாட்டில்களை எடை போட்டதாக நினைவில்லை.

மார்ச் 11, சனி

முதல் கார். விளம்பரத்தில் "செல்லமாக வளர்த்தது" என்று போட்டிருந்தது. வளர்த்தது நாயை என்று கதவைத் திறந்ததும் தெரிந்தது. லெஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு எஞ்சின் ஓசையைக் கேட்டுவிட்டு, டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறீர்களா என்று கேட்டான். அந்த ஆள் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி நாயைப் பார்த்தாள். வந்துவிட்டோம்.

மார்ச் 12, ஞாயிறு

டைமிங் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று படித்தேன். ஓடும்போதே எஞ்சின் நொறுங்குமாம். படிக்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 19, ஞாயிறு

வாங்கிவிட்டோம். எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும்.

கீத்லியில் ஹர்ஸ்ட் என்பவரின் வீடு. வெள்ளி நிற எஸ்டேட், பதின்மூன்று வயது, டீசல் இல்லை, பெட்ரோல். லெஸ் முகம் சுளித்தான், ஆனால் வண்டி அவ்வளவு சுத்தம். கொக்கியும் இருந்தது. "சைக்கிள் தொங்கவிடத்தான் போட்டேன். ஒண்ணையும் இழுத்ததில்ல" என்றார் ஹர்ஸ்ட். டீ போட உள்ளே போனார். லெஸ் ஓட்டுநர் கதவைத் திறந்து, கீழே குந்தி, கட்டைவிரலால் எடைத் தகட்டைத் துடைத்தான். அதில்தான் எல்லாம் இருக்கிறது: முதல் எண் வண்டியின் உச்ச எடை, இரண்டாவது எண் வண்டியும் பின்னால் இழுப்பதும் சேர்த்து. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் எவ்வளவு இழுக்கலாம் என்று வரும். இருபத்தெட்டு வருடத்தில் எனக்கே மனப்பாடம்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அடுத்தது மூவாயிரத்து எண்ணூத்து அறுபது" என்று உரக்கப் படித்தான். "டோரீன், ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ இழுக்கும். நம்ம வீட்டையே இழுக்கும்."

ஹர்ஸ்ட் டீயும், பழக் கேக்கும், எங்கள் பக்கத்து வழக்கப்படி கேக்குக்குப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தார். பேரம் பேசவில்லை, அவ்வளவு நல்ல மனிதர். மாலையே ஓட்டிக்கொண்டு வந்தோம்.

வரும் வழியில் பாலத்துக்கு முன்னால், மஞ்சள் சட்டை போட்ட சைக்கிள்காரன் ஒருவன் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். நாங்கள் அவனை நோக்கிப் போனோம். லெஸ் விலகவில்லை. நான் கத்தினேன். லெஸ் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினான். "சைக்கிள்!" என்றேன். "பாத்தேன், பாத்தேன். புது வண்டி, கை பழகணும்ல" என்றான். சைக்கிள்காரன் பின்னால் என்னவோ கத்தினான். நியாயம்தான்.

கை பழகவேண்டும். சரி.

மார்ச் 26, ஞாயிறு

எழுத்து இன்று கோணலாக வரும்.

லெஸ் ரேடியோவில் கால்பந்து கேட்க உள்ளே போனபோது நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவோரம் அழுக்கு. துணியை வினிகரில் நனைத்துத் துடைத்தேன். தகடு பளிச்சென்று வந்தது. இரண்டாவது எண் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது. மறுபடி துடைத்தேன். அதேதான். இரண்டு. மூன்று இல்லை.

தொள்ளாயிரம் கிலோதான் இழுக்கும். எங்கள் கேரவன் ஆயிரத்து இருநூறு. இதில் கட்டி இழுத்து மலைப்பாதையில் இறங்கினால் கேரவன்தான் எங்களை ஓட்டும்.

ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. லெஸ்ஸிடம் சொல்லாமல் தோட்டத்துக்குப் போய் ஹர்ஸ்ட்டுக்குப் போன் போட்டேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். கேக் கொடுத்து மயக்கிவிட்டீர்கள் என்றுகூடச் சொன்னேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கடைசிவரை கேட்டார்.

"நான் டீ போட உள்ள போயிட்டேன், கண்ணு. தகட்டப் படிச்சது உங்க வீட்டுக்காரர்தானே. அதுல நான் பெயிண்டா அடிச்சு வச்சிருந்தேன்?" என்றார். பிறகு, "வேண்டாம்னா திரும்பக் கொண்டாங்க. நான் இன்னும் வேற வண்டி வாங்கல" என்றார்.

இப்படிப்பட்டவரைத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் அதுவல்ல விஷயம். அந்த எண் என் கட்டைவிரல் அகலம் இருக்கிறது. லெஸ் அதன்மேல் மூக்கை வைத்துப் படித்தான். முப்பத்தோரு வருடம் தபால்காரனாக இருந்து இந்த ஊரின் கோழிக்கிறுக்கல் அத்தனையையும் படித்தவன்.

மார்ச் 28, செவ்வாய்

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தகடு பற்றியும் இல்லை, எதைப் பற்றியும் இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன். குறுக்கெழுத்துப் போடுவதைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே விட்டுவிட்டான், "போரடிக்குது" என்று. செய்தித்தாளை என்னைப் படிக்கச் சொல்கிறான், "உன் குரல்ல கேட்டா நல்லாருக்கு" என்று. நானும் முட்டாள் மாதிரி பூரித்துப்போனேன். போன மாதம் காபித்தூள் என்று குழம்புப் பொடியைப் போட்டுக் கலக்கினான். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இருபது மீட்டரில் நிற்கும் காரின் நம்பரைப் படிக்க முடிந்தால் ஓட்டலாம். சட்டம் அவ்வளவுதான். ஐந்து கார் நீளம்.

மார்ச் 29, புதன்

இன்று சோதித்தேன். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது, சும்மா பேச்சுக்கொடுப்பது போல, எதிர்வரிசையில் நின்ற சிவப்பு காரின் நம்பர் என்ன என்று கேட்டேன். தயங்காமல் சொன்னான். நீலம்? சொன்னான். அந்த வேன்? அதையும் சொன்னான், ஒவ்வொரு எழுத்தும் சரி. "என்னாச்சு உனக்கு, போலீஸ்ல சேரப்போறியா?" என்றான்.

நான்கு துண்டு ரொட்டி வாட்டிச் சாப்பிட்டேன். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தகடு அழுக்காக இருந்தது, அவ்வளவுதான். யாருக்கும் தப்பாகத் தெரியும்.

மார்ச் 30, வியாழன்

சிவப்பு கார் பக்கத்து வீட்டுக்காரருடையது. நீலம் எதிர்வீட்டுக்காரருடையது. வேன் எட்டு வருடமாக அதே இடத்தில் நிற்கிறது. லெஸ்ஸுக்கு இந்தத் தெருவின் எல்லா நம்பரும் மனப்பாடம். தபால்காரன்.

ஏப்ரல் 1, சனி

சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்தம். நம்மூர் வண்டியாக இருக்கக் கூடாது என்று கடைசி வரிசையில் ஒன்றைத் தேடினேன். கறுப்பு, பின்னால் குழந்தைகள் ஒட்டிய ஸ்டிக்கர்கள். ஐந்து கார் நீளம் தள்ளி நின்றுகொண்டு நம்பர் என்ன என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நடக்க ஆரம்பித்தான். ஒரு அடி, இரண்டு அடி. நான் மனதுக்குள் எண்ணினேன். அந்தக் காரின் டிக்கியைத் தொடும் தூரம் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு படித்தான். சரியாகப் படித்தான். என்னைத் திரும்பிப் பார்க்காமல் வந்து, தள்ளுவண்டியிலிருந்து சாமான்களை எங்கள் வண்டியில் எடுத்து வைத்தான்.

அதன் பிறகு அவன்தான் ஓட்டினான். நான் தடுக்கவில்லை. இதை எழுதியே ஆகவேண்டும் — நான் தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பாதசாரிக் கடவையில் ஒரு பெண் குழந்தைத் தள்ளுவண்டியோடு நின்றாள். என் பக்கம் பெடல் கிடையாது. ஆனாலும் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் நிறுத்தினான். அவள் கையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றியாம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

பேசிவிட்டேன். பேசவில்லை, கத்தினேன். தகடு, காபி, குறுக்கெழுத்து, எல்லாம் ஒரே மூச்சில். அவனும் கத்தினான். நாற்பத்திரண்டு வருட ஓட்டுநர், ஒரு கீறல் இல்லை, அபராதம் இல்லை, யாரையும் இடித்ததில்லை. பொம்பளைக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லைன்னா புருஷன் கண்ணைத் தோண்டுவாளா என்றான்.

"அப்போ அந்த சைக்கிள்காரன்?" என்றேன்.

"எந்த சைக்கிள்?"

கேட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். அன்று "பாத்தேன், பாத்தேன்" என்றானே. அவன் பார்க்கவே இல்லை. நான் எதற்குக் கத்தினேன் என்றுகூட அவனுக்குத் தெரியாது. எதையோ பார்த்துக் கத்துகிறாள் என்று திருப்பியிருக்கிறான்.

மாடிப்படியில் உட்கார்ந்தபடியே கேட்டான்: "சின்னப் பையனா?"

முப்பது வயது இருக்கும் என்றேன். தலையாட்டினான்.

ஏப்ரல் 6, வியாழன்

கண் பரிசோதனைக்குப் போய் வந்தோம். லெஸ்ஸுக்கு விழித்திரையில் நடுப்பகுதி தேய்கிறதாம், இரண்டு கண்ணிலும். ஓரம் தெரியும், நடுவில் மங்கல். மூக்குக்கண்ணாடி மாற்றினால் சரியாகாது. மெதுவாகப் போகலாம், வேகமாகவும் போகலாம். சோதித்த பெண் ரொம்ப மென்மையாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. இனி ஓட்டக் கூடாது, லைசென்ஸ் அலுவலகத்துக்கு அவரே எழுதிவிடவேண்டும் என்றாள்.

"கேரவன் மட்டும்?" என்று லெஸ் கேட்டான். அவளுக்கு அது நகைச்சுவை என்று புரியவில்லை.

வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று சாவியை என் கையில் வைத்தான். இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். நான் குட்டை, சீட் எனக்காக முன்னால் தள்ளியிருந்தது, அவன் முழங்கால் இடித்தது. பின்னால் தள்ளும் பிடி எங்கே என்று தடவினான். நான் சொல்லிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு நான் ஓட்டினேன். மூன்று கிலோமீட்டர், இருபது நிமிடம்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

ஆட்டிறைச்சி வறுத்தேன், புதினாச் சட்னி. சாப்பிட்டான். பிறகு லைசென்ஸ் அலுவலகப் படிவத்தை எடுத்து வரச் சொன்னான். கேள்விகளை நான் படித்தேன், பதிலை நான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவன் போடவேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு காகிதத்தின் மேல் கை அலைந்தது.

"விரல வை, டோர். எங்க போடணும்னு காட்டு."

கையெழுத்துக் கோட்டின் முனையில் விரலை வைத்தேன். பேனா என் நகத்தில் பட்டு, அங்கிருந்து ஓடியது. நல்ல கையெழுத்து, எப்போதும் போல. நகத்தில் மை இன்னும் இருக்கிறது. நான் கழுவவில்லை.

ஏப்ரல் 12, புதன்

வெள்ளிக் காரை ஹர்ஸ்ட்டிடம் திரும்பக் கொடுத்தோம். மன்னிப்புக் கேட்டேன். கேக் கொடுத்தார்.

ஏப்ரல் 15, சனி

காலைச் சாப்பாட்டில் லெஸ் சொன்னான், கேரவனை விற்றுவிடலாம் என்று. வானிலை சொல்வது போலச் சொன்னான். அது நிற்கும் பண்ணையின் சொந்தக்காரருக்கே கொடுத்துவிடலாமாம், அவர் மகளுக்கு வேண்டுமாம். ஏற்கெனவே பேசியிருக்கிறான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதலாம். இனி லாரி இல்லை, மலைப்பாதை இல்லை, அந்த வெள்ளைப் பெட்டி பின்னால் ஆடுவது இல்லை. அரை மணி நேரம் நிம்மதியாகப் பாத்திரம் கழுவினேன்.

பிறகு பார்த்தேன், லெஸ் கொட்டகையில் கேரவன் சாமான் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஆணியாகத் தடவி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். கேரவனை ஒட்டிப் போடும் கூடாரத்தின் ஆணிகள். கோணலானதைத் தனியே வைத்தான், கொடுப்பவன் நல்லதைத்தான் கொடுக்கவேண்டும் என்று.

"கார் பாக்கப் போலாம்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

"யாரு இழுப்பா?"

என் லைசென்ஸ் எழுபத்தொன்பதில் வாங்கியது. அதில் கேரவன் இழுக்கலாம் என்று இருக்கிறது. ரொட்டி வாங்கப் போவதைத் தவிர அதை வைத்து நான் எதுவும் செய்ததில்லை.

"நான்தான், வேற யாரு?" என்றேன். என்ன திமிர்.

ஏப்ரல் 22, சனி

கருநீலம், பதினாறு வயது, டீசல். அழகில்லை. ரேடியோவை அணைக்கவே முடியாது, குறைக்க மட்டும்தான் முடியும்.

குந்தித் தகட்டைப் படித்தது நான். மூன்று தடவை. கழித்தது லெஸ், மனக்கணக்காக: ஆயிரத்து அறுநூறு. இந்தத் தடவை கணக்கை முடித்த பிறகும் இன்னொரு தடவை என்னைப் படிக்கச் சொன்னான். பிறகு தரையில் படுத்து, கையை வண்டிக்கு அடியில் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினான். காலையில் பார்த்த வண்டியில் இதே மாதிரி தடவி, துருவின் மேல் பூசியிருந்த பூச்சை விரலாலேயே கண்டுபிடித்தான். நான் பார்த்தபோது எனக்குப் பளபளவென்றுதான் தெரிந்தது. இதில் ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குக் காது கொடுத்தான். "பெல்ட் மாத்தியிருக்கான்" என்றான். ரசீதும் இருந்தது.

"உக்காந்து பாரு" என்றான். உட்கார்ந்தேன். கிளட்ச் எட்டியது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரியவை. உயரமாக இருந்தது, எல்லாம் தெரிந்தது. தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"கழுத்து வலிக்குதா? கால் சரியா வருதா?" எத்தனை கேள்வி. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு கார் பார்க்கிறோம்.

மே 7, ஞாயிறு

பண்ணை முற்றத்தில் கேரவனைக் கட்டிப் பழகினேன். முன்னால் போவது பரவாயில்லை. ரிவர்ஸ் — அழுதுவிட்டேன். நான் ஒரு பக்கம் திருப்பினால் அது இன்னொரு பக்கம் போகிறது. ஆடுகள்கூட நின்று பார்த்தன.

"ஸ்டியரிங்க அடியில புடி. உன் கை எந்தப் பக்கம் போகுதோ கேரவன் பின்பக்கம் அந்தப் பக்கம் போகும்" என்றான் லெஸ். இத்தனை வருடத்தில் இதை ஏன் என்னிடம் சொன்னதில்லை? நீ கேட்டதே இல்லையே என்றான்.

மே 13, சனி

பண்ணையின் கேட் தூணில் இடித்துக் கேரவனின் பின்விளக்குப் போயிற்று. தூண் நலம்.

மே 26, வெள்ளி

நாளை. டயர் காற்றுப் பார்த்தாயிற்று. கொக்கி பூட்டு, பாதுகாப்புக் கம்பி, விளக்கு. வாணலியை லெஸ்ஸே கேரவனுக்குள் எடுத்து வைத்தான். ஆயிரத்து அறுநூறு இழுக்கும், ஒரு வாணலிக்கு என்ன வந்தது என்றான்.

பயங்கள்: ஸ்கிப்டன் ரவுண்டானா. மலை இறக்கம். காற்று. லாரி (இனி கண்ணை மூட முடியாது). பெட்ரோல் பங்கில் டீசல் பக்கம் நிறுத்துவது. ரிவர்ஸ். ரிவர்ஸை எல்லாரும் பார்ப்பது.

மே 27, சனி, பீட்னல்

வந்துவிட்டோம். ஐந்தரை மணி நேரம். பின்னால் வந்த எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கேரவன்கள் நிற்கும் புல்வெளிக்குள் நுழைந்ததும் எல்லாக் கேரவன் திரைச்சீலைகளும் ஒரு விரல் அகலம் விலகின. எனக்குத் தெரியும், நானும் இத்தனை வருடம் டீக் கோப்பையோடு அப்படித்தான் பார்த்திருக்கிறேன். லெஸ் இறங்கிப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினான். அது என் இடம். அங்கே நின்று நான் கையாட்டியதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் சண்டை. "நிறுத்துன்னு சொன்னேன்ல" என்பேன். "எனக்குக் கேக்கல" என்பான்.

ஆறு தடவை முன்னும் பின்னும். கையை அடியில் பிடித்தேன். ஏழாவது தடவை கேரவன் நேராகப் போனது, போனது, தண்ணீர்ப் பீப்பாயில் டொங்கென்று நின்றது.

"நிறுத்துன்னு சொன்னேன்ல" என்றான் லெஸ்.

"எனக்குக் கேக்கல" என்றேன்.

பக்கத்துக் கேரவனிலிருந்து யாரோ சிரித்தார்கள். நாங்களும்தான்.

முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டேன். கடற்கரைச் சாலைக்கு வந்தபோது கடல்மூட்டம் இறங்கியிருந்தது. முன்னால் போன காரின் விளக்கைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வழியில் வரும் ஒரு பண்ணையைத் தாண்டி, சாலை வலது பக்கம் வளைகிற இடத்தில் வண்டி சாய்ந்தது. லெஸ் கையை நீட்டினான்.

"அதோ கோட்டை."

அங்கே வெள்ளையாக மூட்டம்தான் இருந்தது. அவன் வளைவை வைத்துச் சொன்னான், தெருவில் நின்ற கார்களின் நம்பரைச் சொன்ன மாதிரியே. மார்ச் மாதமாக இருந்தால் பயந்து செத்திருப்பேன்.

"ஆமா, தெரியுது" என்றேன்.

பொய்தான். ஆனால் இப்போது அதனால் யாரும் அடிபடப்போவதில்லை. சாவி என் பையில் இருக்கிறது. இருபத்தொன்பதாவது டீயையும் நான்தான் போட்டேன்.